யாழ்ப்பாணம் மலிவு, கொழும்பு விலை: இது யாருக்கு உண்மை?

கொழும்பில் உழைப்பது வாடகைக்கே போய்விடுகிறது, யாழ்ப்பாணத்தில் அரைவாசிச் செலவில் சீவிக்கலாம் என்ற பேச்சு இரண்டு நகரங்களிலும் கேட்கிறது. இடமாற்றம் கேட்கும் அரச ஊழியர், வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கும் பிள்ளையை ஊருக்கு வரச்சொல்லும் பெற்றோர், இடம்பெயர்ந்து கொழும்பில் தங்கிவிட்டு இப்போது திரும்ப யோசிக்கும் குடும்பம் எனப் பலரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள். செலவுகளைப் பிரித்துப் பார்த்தால், வித்தியாசத்தின் பெரும்பகுதி வீட்டிலும் காணியிலும் இருப்பது தெரியும். அந்தக் காணி யாரிடம் இருக்கிறது என்ற இடத்தில்தான் போரின் விளைவு இந்தக் கணக்குக்குள் வருகிறது.

சுட்டெண் எந்த ஊரின் செலவைச் சொல்கிறது?

மாதந்தோறும் செய்திகளில் வரும் பணவீக்க வீதம் பெரும்பாலும் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணை வைத்தே சொல்லப்படுகிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இதைக் கொழும்பு மாவட்டத்தின் நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை அடிப்படையாகக் கொண்டு கணிக்கிறது. எல்லா மாகாணங்களையும் உள்ளடக்கிய தேசிய நுகர்வோர் விலைச்சுட்டெண் 2015 முதல்தான் வெளியாகிறது.

2013ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணிப்பில், கொழும்புக் குடும்பம் செலவழிக்கும் 100 ரூபாவில் உணவுக்கு ஏறத்தாழ 28 ரூபா. தேசியச் சுட்டெண்ணில் ஏறத்தாழ 44 ரூபா. கொழும்புக்கு வெளியே உள்ள குடும்பங்களை உணவு விலை கூடுதலாகத் தாக்கும் என்பதே இதன் பொருள். நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், தேசியச் சுட்டெண்ணின்படி 73.7 வீதம்.

ஆனால் இவை விலை எவ்வளவு வேகமாக ஏறியது என்பதைச் சொல்பவை. எந்த ஊர் விலை என்பதைச் சொல்பவை அல்ல. அதற்குக் கிட்ட வருவது, திணைக்களம் மாவட்டவாரியாக வெளியிடும் வறுமைக்கோடு. அதில் கொழும்பின் தொகையே நாட்டில் அதிகம். மொனராகலையின் தொகை மிகக் குறைவு. ஆயினும் அது ஓர் ஆளின் அடிப்படைத் தேவைக்கான தொகை மட்டுமே. வாடகை கட்டும் குடும்பத்தையும் சொந்த வீட்டில் இருக்கும் குடும்பத்தையும் அது பிரித்துக் காட்டாது.

கடையில் என்ன வித்தியாசம்?

மின்கட்டணப் பட்டியல் இரு நகரங்களுக்கும் ஒன்று. பேருந்துக் கட்டண முறையும் ஒன்று. 2024 ஜனவரியில் 18 வீதமாக்கப்பட்ட பெறுமதி சேர் வரியும் ஒன்றுதான். பால்மா, பருப்பு, சீனி, மா போன்ற இறக்குமதிப் பொருள்கள் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வீதியால் வருகின்றன. லொறிக் கூலியை யாராவது கொடுத்தாக வேண்டும். சமையல் எரிவாயு சிலிண்டருக்கு மாவட்டவாரியாக விலை உண்டு, யாழ்ப்பாண விலை கொழும்பு விலையை விட அதிகம். சீமெந்தும் கம்பியும் வெளியிலிருந்து வருவதால் வீடு கட்டும் செலவிலும் அது ஏறும்.

உள்ளூர் விளைச்சலில் நிலைமை வேறு. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளில் வெங்காயமும் கத்தரிக்காயும் கீரையும் தோட்டத்திலிருந்து நேரே வருகின்றன, பருவத்தில் மலிவு. லீக்ஸ் போன்றவை மலைநாட்டிலிருந்து வருபவை. அவற்றில் அந்த மலிவை எதிர்பார்க்க முடியாது. மீனிலும் ஒரு சிக்கல் உண்டு. நல்ல இறாலும் நண்டும் ஏற்றுமதிக்கும் தென்னிலங்கைக்கும் போகின்றன. அதனால் கடற்கரையில் இருப்பவரும் வெளியூர் வியாபாரி கொடுக்கும் விலையோடு போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

பாதை மூடியிருந்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு, விலை தூரத்தால் மட்டும் ஏறுவதில்லை என்பது தெரியும். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து, பற்றரி, உரம் போன்றவை தடுக்கப்பட்டன அல்லது கட்டுப்படுத்தப்பட்டன; மண்ணெண்ணெய் கொழும்பு விலையின் பல மடங்குக்கு விற்றது. 2002இல் திறந்த ஏ9 பாதை 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது, கப்பல் வரவே குடாநாட்டின் விலையைத் தீர்மானித்தது. இன்றைய வித்தியாசத்தை லொறிக் கூலியாகக் கணக்கிட முடிவது பாதை திறந்திருப்பதால்தான்.

வீடும் கிணறும்

கொழும்பில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மிகப்பெரிய செலவு வாடகை. பல மாத முற்பணம், தண்ணீர்க் கட்டணம், அடுக்குமாடியானால் பராமரிப்புக் கட்டணம் எனத் தொடரும். யாழ்ப்பாணத்தில் சொந்த வளவில் இருப்பவருக்கு இவை இல்லை. கிணறு உண்டு, இரண்டு தென்னை உண்டு, முருங்கையும் வாழையும் உண்டு. தேங்காய் விலை ஏறும்போது இந்த வளவின் பெறுமதி தெரியும். கிணற்றுத் தண்ணீருக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் மோட்டருக்கு மின்கட்டணம் உண்டு. தண்ணீர் உவராகவோ மாசுபட்டோ இருக்கும் இடங்களில் குடிநீரைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

இந்த வளவு இல்லாதவருக்கு யாழ்ப்பாண மலிவின் பெரும்பகுதி இல்லாமல் போகிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, சொந்தக் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்க, முகாமிலும் உறவினர் வீட்டிலும் வாடகை வீட்டிலும் பல ஆண்டுகள் இருந்தன. காணி கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டாலும் எல்லாம் இன்னும் திரும்பவில்லை. நகரை அண்டிய இடங்களில் வெளிநாட்டுப் பணம் காணி விலையை ஏற்றியிருக்கிறது. கொழும்பு விலையோடு ஒப்பிடுபவர் அளவைக் கவனிக்க வேண்டும்: அங்கே பேர்ச்சஸ் கணக்கு, இங்கே பரப்புக் கணக்கு, ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ்.

வருமானம் ஒன்றா?

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது எல்லா மாவட்டத்துக்கும் ஒரே தொகை. அஸ்வெசும கொடுப்பனவும் அப்படியே. ஆனால் உழைக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. 2019ஆம் ஆண்டின் வீட்டு அலகு வருமான, செலவின மதிப்பீட்டில் நாட்டின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. கொழும்பு மாவட்டத்தில் 132,433 ரூபா. அதே ஆண்டு வறுமையில் இருந்தவர்கள் கொழும்பில் 2.3 வீதம், முல்லைத்தீவில் 44.5 வீதம். செலவு குறைந்த இடத்தில் வாழ்வது எளிது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இடம் மாற யோசிப்பவர் மூன்று கேள்விகளை முதலில் கேட்கலாம். அங்கே வீடு சொந்தமா, வாடகையா? குடிக்கத்தக்க தண்ணீர் வளவில் உண்டா? சிறப்பு வைத்தியம், தூதரக அலுவல், நேர்முகத்தேர்வு என்று வருடத்தில் எத்தனை தடவை கொழும்பு போக வேண்டிவரும்? ஒவ்வொரு பயணத்துக்கும் இரு வழிக் கட்டணம், தங்குமிடம், இழக்கும் நாட்சம்பளம் மூன்றையும் கூட்டி, வருடத் தொகையைப் 12ஆல் பிரித்து மாதச் செலவில் சேர்க்க வேண்டும். முதல் இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் உள்ளவருக்கு யாழ்ப்பாணம் மலிவுதான். வாடகை வீட்டில் இருந்துகொண்டு தண்ணீரையும் வாங்குபவர், இந்த மூன்றாவது தொகையையும் சேர்த்த பிறகே முடிவெடுப்பது நல்லது.