கஹ்வா: சேர்வராயன் மலைக் காப்பியும் ஒரு பழைய வழக்கும்

சேலத்தை அடுத்த சேர்வராயன் மலைத்தொடரில், ஏற்காட்டைச் சூழ்ந்த சரிவுகளில் சில்வர் ஓக் மரநிழலில் காப்பிச் செடிகள் செழிக்கின்றன. 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த எம்.டி. காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரைத் தொடங்கினார் என்பது ஊரறிந்த வரலாறு. அச்செடி அதற்குமுன் கடந்துவந்த வழியை நம்மவருள் பலர் அறியார்.

பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டுச் சூஃபிகள் இரவு திக்ரின்போது உறக்கம் தவிர்க்கக் காப்பி அருந்தினர். ஏடன் நகரின் முஃப்தி ஜமாலுத்தீன் தப்ஹானி அவ்வழக்கத்தைப் பரப்பியவராகக் கருதப்படுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் இறைநேசர் ஏழு விதைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொணர்ந்தார் என்பது மரபுச் செய்தி. காப்பி இந்திய மலைகளுக்கு வந்த வரலாறு இம்மரபிலிருந்தே தொடங்குகிறது.

அப்பானத்திற்கு அரபியர் இட்ட பெயர் கஹ்வா. பழைய அரபுக் கவிதையில் அச்சொல் மதுவைக் குறித்தது. பெயரின் நிழல் பொருளின்மீதும் விழுந்தது. 1511இல் (ஹிஜ்ரி 917) மக்காவின் மம்லூக் அதிகாரி காயிர் பேக் அறிஞர் அவையைக் கூட்டினார். காப்பி உடலுக்குக் கேடு என மருத்துவர் சிலர் சான்றளித்தனர். அது மதுவைப்போலவே மயக்குகிறது என்றார் ஒருவர். மதுவின் மயக்கத்தை அவர் எங்ஙனம் அறிந்தார் என்ற வினா எழவே, அவரே தண்டனைக்குள்ளானார் என்பர். தடை விதிக்கப்பட்டது, ஆயினும் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை அதனைத் தளர்த்திற்று. 1558ஆம் ஆண்டளவில் அப்துல் காதிர் அல்ஜஸீரி காப்பி ஆகுமானதே என நிறுவித் தனிநூலே யாத்தார்.

நம் காலத்தில் வழக்கு தலைகீழாயிற்று. 1992இல் பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோவும் மிஷேல் தெ லோர்ஜெரிலும் எழுதிய கட்டுரைக்குப்பின், சிவப்பு ஒயின் இதயத்திற்கு நல்லது என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் ஒயினில் அது லிட்டருக்குச் சில மில்லிகிராமே உண்டு. மனிதரிடத்துச் செய்த சோதனைகளோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கொடுத்தும் ஒருமித்த பயனைக் காட்டவில்லை. மதுவில் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ரெஸ்வெரட்ரால் பாலிஃபீனால் என்னும் இனத்தைச் சார்ந்தது. அவ்வினப் பொருள்கள் திராட்சைப் பழத்திலேயே உள்ளன. அவற்றைப் பெற மது வேண்டுவதில்லை. காப்பிக்கொட்டையில் நிறைந்துள்ள குளோரோஜெனிக் அமிலமும் அவ்வினமே. மிகுதியாக வறுத்தால் அது குறையும். காப்பி அருந்துவோரிடத்து இரண்டாம் வகை நீரிழிவும் ஈரல் நோயும் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. இத்தொடர்பு மட்டுமே காப்பியை மருந்தாக்கிவிடாது. அளவு மீறினால் உறக்கம் கெடும்.

மக்காவில் பெயரைக்கொண்டு ஒரு பானம் பழிக்கப்பட்டது. நம் காலத்தில் ஒரு துளிப் பொருளைக்கொண்டு இன்னொன்று புகழப்பட்டது. பயனையும் கேட்டையும் ஒரே தராசில் நிறுக்கும் முறையை அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் நமக்குக் காட்டியுள்ளது. மருத்துவச் செய்திகளையும் அத்தராசிலிட்டு ஏற்பதே அறிவுடைமை.