பென்ஷன் வாங்கியவர்கள் எழுதிய மனு

கரையான்சாவடியில் கூடிப் பேசும்போது, பக்கத்துப் பூந்தமல்லி ஒருகாலத்தில் வெள்ளையர் படை தங்கிய கன்டோன்மென்ட் என்பதை நாம் மறக்க முடியாது. சென்னைப் படையில் பறையர் சிப்பாய்கள் தலைமுறைகளாக இருந்தார்கள். சாப்பர்ஸ் பிரிவில் பாலமும் பாதையும் போட்டார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். படையை விட்டு வந்தவர்கள் சமூகத்துக்கு என்ன செய்தார்கள் என்பதற்கு அங்கே தெளிவான சான்று உண்டு.

கோபால் பாபா வலங்கர் 1886இல் ஓய்வுபெற்று, கொங்கணத்துத் தாபோலியில் குடியேறினார். ஓய்வுபெற்ற மகர் படைவீரர்கள் பலர் வாழ்ந்த ஊர் அது. அவர் தொடங்கிய 'அநார்ய தோஷ் பரிஹாரக் மண்டலி' தீண்டாமையை எதிர்த்தது. மகர்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியபோது, 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். மகர் ரெஜிமென்ட் உருவானதோ 1941இல்தான்.

அவர்களால் எப்படி முடிந்தது? படைப்பள்ளி எழுத்தைத் தந்தது. பென்ஷன், ஆண்டையின் கையை எதிர்பாராத சோற்றைத் தந்தது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜியும் படைப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவரே. ஆள்சேர்ப்பு நின்றபோது வேலையோடு அந்தப் பள்ளிக்கூடக் கதவும் மூடியது.

அது நாட்டைப் பிடித்த படை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. தாம் கொடுத்த உழைப்பைக் கணக்குக் காட்டி, மனித உரிமையைக் கேட்டார்கள் அவர்கள். 1927 ஜனவரி 1 அன்று கோரேகான் தூணின் முன் அம்பேத்கர் நினைவூட்டியதும் அந்தக் கணக்கைத்தான்.

நம் சேரி வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் தாத்தாக்களின் டிஸ்சார்ஜ் புத்தகங்கள் இருக்கக்கூடும். மாணவர்களே, கரையான் அரிக்கும் முன் அவற்றைத் தேடி எடுத்துப் படியுங்கள்.