சீசாவுக்கு ஒரு விலை

எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பஸ்ஸில் போனாலும் சரி, நகரத்தின் எல்லையை அறிந்துகொள்ளப் பெயர்ப்பலகை தேவையில்லை. குப்பைதான் எல்லைக்கல். கடைசி வீடு முடிந்து முதல் வயல் தொடங்கும் இடத்தில், சாலையின் இரு மருங்கிலும் அது நின்று நம்மை வழியனுப்பி வைக்கிறது. கோழிக் கடைக் கழிவு, இடித்த வீட்டின் காரைக் கட்டி, கிழிந்த மெத்தை, பிளாஸ்டிக் பை, உடைந்த சீசா. வண்டிக்குள் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். "நம் ஜனங்களுக்கு எந்தக் காலத்திலும் புத்தி வராது, சார்!" என்கிறார் ஒருவர். "சிங்கப்பூரில் இப்படிச் செய்துவிட்டுத் தப்ப முடியுமா?" என்கிறார் பக்கத்தில் இருப்பவர். அத்துடன் விசாரணை முடிந்து தீர்ப்பும் ஆகிவிடுகிறது.

கோபம் நியாயமானதுதான். ஆனால் தீர்ப்பு அவ்வளவு நியாயமானது அல்ல. குப்பைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், புத்தி ஒரு பக்கம் இருக்கட்டும், வேறு சில ஆசாமிகளும் இந்த வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்பது தெரியவரும்.

பழைய கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். சாக்ரடீஸ் உலாவிய தெருக்களும் தாமாகச் சுத்தமாக இருந்துவிடவில்லை. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூலில் நகரக் கண்காணிப்பாளர்களைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. மொத்தம் 10 பேர். துறைமுகத்துக்கு 5 பேர், நகரத்துக்கு 5 பேர். அவர்களுடைய கடமைகளில் ஒன்று, கழிவு அள்ளுகிறவர்கள் அதை நகர மதிலிலிருந்து 10 ஸ்டேடியத்துக்குள் கொட்டாமல் பார்த்துக்கொள்வது. அந்தத் தூரம் நம் கணக்கில் ஒரு மைலுக்குச் சற்று அதிகம். நள்ளிரவில் மதிலோரமாக வண்டியைச் சாய்த்துவிட்டு ஓடிப்போகிற பேர்வழிகள் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் இப்படி ஒரு விதி எதற்கு?

நம் நாட்டுக் கௌடில்யரும் சளைத்தவர் அல்லர். தெருவில் புழுதியையும் குப்பையையும் கொட்டினால் எட்டில் ஒரு பணம் அபராதம் என்று அர்த்தசாஸ்திரத்தில் விதித்திருக்கிறார். ராஜபாட்டையில் கொட்டினால் இரட்டிப்பு. செத்த பூனை, நாய் முதலியவற்றை நகரத்துக்குள் எறிந்தால் 3 பணம். ஆக, 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் கொட்டினான், அபராதமும் கட்டினான். இன்றைய தலைமுறைதான் கெட்டுவிட்டது என்ற புலம்பலுக்குச் சரித்திரத்தில் ஆதாரம் இல்லை.

இந்த இரண்டு சட்டங்களும் யாருடைய சட்டங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் நகரத்தின் சட்டங்கள். மதிலுக்குள் சுத்தமாக இருக்க வேண்டும். 10 ஸ்டேடியத்துக்கு அப்பால் என்ன ஆனாலும் சரி. அப்பால் இருப்பது கிராமம். அங்கே வயல் இருக்கிறது, மேய்ச்சல் நிலம் இருக்கிறது, மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கலந்து ஆலோசித்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் கிராமத்தார் ஏன் நெடுங்காலம் பொறுத்துக்கொண்டிருந்தார்கள்? பொறுக்கவில்லை; பல இடங்களில் வரவேற்றார்கள் என்பதே உண்மை. நம் மொழியே இதற்குச் சாட்சி. தை அறுவடை முடிந்து கோடை வந்தால், "வயலுக்குக் குப்பை அடிக்கணும்" என்று சம்சாரி சொல்வான். அவன் சொன்ன குப்பை சாணமும் சாம்பலும் மக்கிய தழையும். வீட்டுக்கு வீடு எருக்குழி இருந்தது. வண்டி இத்தனை ரூபாய் என்று பேசி வாங்கினார்கள். ஜப்பானில் எடோ நகரத்தின் மலக்கழிவைச் சுற்றுப்புறத்து உழவர்கள் ரொக்கமும் காய்கறியும் கொடுத்து எடுத்துப் போனார்கள். விலை ஏறிவிட்டது என்று உழவர்கள் முறையிட்ட சம்பவங்கள்கூட அந்நாட்டுச் சரித்திரத்தில் உண்டு. ஒரு பொருளுக்கு விலை இருக்கிற வரையில் அது சாலையோரத்தில் கிடப்பதில்லை. யாராவது வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கண்ணாடிச் சீசாவின் கதையும் இதேதான். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ஆம் ஆண்டில் கழுத்துக்குள் கோலிக்குண்டு வைத்த சீசாவுக்கு உரிமை பெற்றார். அதுதான் நம் ஊர்க் கோலி சோடா. எத்தனை தலைமுறைகளாக நாம் அதைக் குடித்திருக்கிறோம்! சாலையோரத்தில் கோலி சோடாச் சீசாக்கள் குவிந்து கிடந்த காட்சியை யாராவது கண்டதுண்டா? தமிழர்கள் அப்போது அதிக ஒழுக்கசாலிகளாக இருந்ததால் அல்ல. சீசா கடைக்காரருடையது, உள்ளே இருந்த சோடா மட்டுமே நம்முடையது. கடை வாசலில் நின்று குடித்துவிட்டுச் சீசாவை மரப்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். வீட்டுக்கு வாங்கிப் போனால் சீசாவுக்கு முன்பணம் கட்ட வேண்டும். அந்த முன்பணம் தெருவைச் சுத்தமாக வைத்திருந்தது.

அமெரிக்காவிலும் வெகு காலம் அப்படித்தான் இருந்தது. பீரும் பானங்களும் கனமான சீசாக்களில் வந்தன. முன்பணம் கட்டி வாங்கினார்கள், திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டார்கள். ஒரே சீசா பல முறை ஆலைக்கும் கடைக்கும் நடந்தது. 1935-ஆம் ஆண்டு ஜனவரியில் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்தில் முதன்முதலாகத் தகர டப்பாவில் பீர் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு ஒரு தடவை மட்டும் பயன்படும் கண்ணாடிச் சீசாக்களும் பெருகின. ஆலைகள் பெரியவையாகவும் தொலைவானவையாகவும் ஆகிக்கொண்டிருந்த காலம் அது. காலிச் சீசாவை நூற்றுக்கணக்கான மைல் திருப்பிக் கொண்டுவந்து கழுவுவது வீண் செலவு என்று முதலாளிகள் கருதினார்கள். வாங்குகிறவருக்கும் சௌகரியம்; குடித்தார், எறிந்தார். கார்களும் நெடுஞ்சாலைகளும் பெருகிவந்ததால், எறிவதற்கு ஜன்னலும் எறிந்ததைக் காணாமல் போவதற்கு வேகமும் சேர்ந்துகொண்டன.

அந்தச் சீசா எங்கே போய் விழுந்தது? வெர்மாண்ட் என்ற வடகிழக்கு மாநிலத்தின் புல்வெளிகளில். அது பால் மாடுகளுக்குப் பேர்போன சிறிய மாநிலம். கோடையில் புல்லை அறுத்துக் காயவைத்துக் கட்டாகக் கட்டிக் குளிர்காலத் தீவனமாகச் சேமிப்பார்கள். காரிலிருந்து எறியப்பட்ட சீசா புல்லுக்குள் மறைந்து, கட்டுக்குள் புகுந்து, பசுவின் வாய்க்குப் போயிற்று. பசுவுக்குக் கண்ணாடி என்றும் புல் என்றும் பிரித்துத் தின்னத் தெரியாது. குடியானவர்கள் கொதித்தார்கள். 1953-ஆம் ஆண்டில் அம்மாநிலச் சட்டசபை, திருப்பி வாங்கிக்கொள்ளாத சீசாவில் பீர் விற்கக் கூடாது என்று தடை விதித்தது. எறிந்தவனைப் பிடிக்க ஆள் போடவில்லை. எறியத்தக்க பொருளைச் செய்தவனிடம் போய் நின்றது. அதுதான் அந்தச் சட்டத்தின் புதுமை.

அதே 1953-ஆம் ஆண்டில், 'அமெரிக்காவை அழகாக வைத்திருங்கள்' என்ற பெயரில் ஒரு சங்கம் உதயமாயிற்று. அதைத் தொடங்கியவர்களில் டப்பா செய்யும் கம்பெனியும் சீசா செய்யும் கம்பெனியும் முக்கியமானவை. அதன் உபதேசம் எளிமையானது: குப்பைக்குக் காரணம் குப்பை போடுகிற மனிதனே, அவனைத் திருத்துங்கள். வெர்மாண்ட் சட்டமோ நான்கு ஆண்டுகள்தான் உயிரோடு இருந்தது. பீர்த் தொழிலின் எதிர்ப்புக்கு நடுவே, 1957-இல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிவிட்டது. பசுக்களுக்கு ஓட்டு இல்லை அல்லவா?

1971-இல் இந்தச் சங்கம் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. அமெரிக்கப் பழங்குடி உடையணிந்த ஒருவர் அழுக்கு ஆற்றில் தோணி வலித்துக் கரைக்கு வருகிறார். சாலையோரத்தில் நிற்கும் அவர் காலடியில், ஓடும் காரிலிருந்து ஒரு குப்பைப் பொட்டலம் வந்து விழுகிறது. அவர் கண்ணிலிருந்து ஒரு துளி நீர் உருள்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் கரைந்து போனார்கள். அந்த வேஷம் போட்ட 'அயர்ன் ஐஸ் கோடி' என்பவர் உண்மையில் இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு லூசியானாவில் பிறந்தவர் என்பது வெகு காலம் கழித்து வெளிவந்தது. அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை, நடிகர் நடித்தார். கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் படத்தில் காரில் போனவன் குற்றவாளி. பொட்டலத்தைச் செய்தவர் படத்தில் இல்லை. படத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் வரிசையில் இருந்தார்.

நல்ல வேளையாக, அதே 1971-இல் ஆரிகன் மாநிலம் வேறு வழியில் போயிற்று. பீர், பானச் சீசாக்களுக்கும் டப்பாக்களுக்கும் முன்பணம் வாங்க வேண்டும், திருப்பிக் கொடுத்தால் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் செய்தது. பெரும்பாலானவற்றுக்கு 5 சென்ட், அவ்வளவே. சாலையோரத்தில் கிடந்தது திடீரென்று குப்பை அல்ல, காசு என்று ஆயிற்று. ஒருவன் எறிந்தாலும் இன்னொருவன் குனிந்து பொறுக்கினான். 1972-இல் வெர்மாண்டும் திரும்பி வந்து முன்பணச் சட்டம் இயற்றியது. அந்த அழகுச் சங்கம் இத்தகைய சட்டங்களுக்கு எதிரான தரப்பில் நின்றது என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து இந்தக் கதை நம் நீலகிரிக்கு வந்தது. மலைச்சரிவிலும் காட்டோரத்திலும் மதுச் சீசாக்கள் உடைந்து கிடந்தன. யானையின் பாதமும் கண்ணாடிக்குத் தப்பாது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து நீலகிரி டாஸ்மாக் கடைகளில் சீசா ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிச் சீசாவைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்தார்கள். சீசாக்களில் பெரும்பகுதி கடைக்குத் திரும்பிற்று. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக அந்தத் திட்டம் பரவியது. சீசாவை வாங்கி அடுக்கி வைக்க இடமும் ஆளும் இல்லை என்று கடை ஊழியர்கள் குறைப்பட்டதும் உண்மை. அது கவனிக்க வேண்டிய குறைதான். ஆனால், குடிகாரனுக்கு எந்த உபதேசமும் ஏறாது என்பார்களே, அவனே 10 ரூபாய்க்காகச் சீசாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஒரு விலை வைத்துவிட்டால் போதுமா? போதாது. விலையை எந்த முனையில் வைக்கிறோம் என்பது முக்கியம். இங்கிலாந்தில் 1972-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நனீட்டன் என்ற ஊருக்கு அருகே, பாழடைந்த செங்கற்சூளை நிலத்தில், சயனைடு விஷம் அடைத்த பீப்பாய்களை யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குழந்தைகள் விளையாடும் இடம் அது. நாடே பதறியது. சில வாரங்களுக்குள் பார்லிமெண்டு விஷக் கழிவுச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. 1996-இல் அந்நாட்டுச் சர்க்கார், கழிவை நிலத்தில் புதைப்பதற்கு டன்னுக்கு 7 பவுன் என்று வரி போட்டது. கழிவைக் குறைக்கும் நல்ல நோக்கந்தான். 2023-இல் அந்த வரி 100 பவுனைத் தாண்டிற்று. லாரிக்காரன் கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டானா? முறையாகக் கொட்டினால் காசு போகிறது. இருட்டில் கிராமத்துச் சந்தில் கொட்டினால் அந்தக் காசு பையில் விழுகிறது. ஆரிகனில் ஒழுங்காக நடந்தவனுக்குக் காசு கிடைத்தது. இங்கே ஒழுங்கு தவறியவனுக்குக் கிடைத்தது. எனவே இத்தகைய வரி போடுகிற சர்க்கார், லாரி எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்கள் இதை அனுபவித்தன. கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவு மூட்டை மூட்டையாக வெட்டவெளியில் கிடந்தது. ஊசியும் குழாயும் மட்டுமல்ல. நோயாளிகள் சம்பந்தப்பட்ட காகிதங்களும் அவற்றில் இருந்தன. எங்கிருந்து வந்தது என்று அந்தக் காகிதமே காட்டிக்கொடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரள அதிகாரிகளை அதை அப்புறப்படுத்தச் சொன்னது. லாரிகள் வந்தன, அள்ளிக்கொண்டு திரும்பிப் போயின. கேரளம், தமிழ்நாடு என்று கட்சி பிரிந்து சண்டை போடுகிற விஷயம் அல்ல இது. நம் நகரங்களும் தம் பக்கத்துக் கிராமங்களுக்கு இதைத்தான் செய்கின்றன. அங்கே மாநில எல்லை குறுக்கிடாததால் அது செய்தியாவதில்லை, அவ்வளவே வித்தியாசம். ஆனால் அந்த லாரிகள் திரும்பிப் போனது ஒரு நல்ல முன்மாதிரி. கோலி சோடாச் சீசா கடைக்குத் திரும்பியது போலக் கழிவும் தன் சொந்தக்காரரிடம் திரும்பிற்று.

ஆகையால், வழியில் எறிகிறவனை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. கௌடில்யர் அவனுக்கு விதித்த எட்டில் ஒரு பணத்தை இன்றும் தாராளமாக வாங்கலாம். ஆனால் அவனைத் திட்டுவதோடு நாம் நிறுத்திக்கொண்டால், அதனால் மிகவும் சந்தோஷப்படுகிறவர்கள் வேறு சிலர். ஒரு பொருளை விற்கும்போதே, காலியான பிறகு இதை யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்பது வாங்குகிறவர்களுடைய உரிமை. அந்தக் கேள்வியை நகரவாசிகளாகிய நாம்தான் கேட்க வேண்டும். வாங்குகிறவர்களும் நாம்தான், நம் வீட்டுக் குப்பைக்கு மதிலுக்கு வெளியே இடம் தேடிக்கொள்கிறவர்களும் நாம்தான்.

நாற்று நடுகிற பெண்பிள்ளை செருப்புப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்க முடியாது. சேற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. ஒவ்வொரு அடியையும் நம்பிக்கையின்மேல்தான் வைக்கிறாள். சாலையில் போகிற யாரோ அந்த வயலில் ஒன்றும் எறிந்திருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை அது. நாம் சாப்பிடுகிற சோறு அந்த நம்பிக்கையில்தான் விளைகிறது.