தங்கம் பிரித்த சயனைடும் தைராய்டும்

1887-ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் மெக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும், அரைத்த தாதுவிலிருந்து சயனைடுக் கரைசலால் தங்கத்தைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலிலும் அம்முறை வேரூன்றியது. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் அங்குள்ள சயனைடு மேடுகள் அதற்குச் சான்றாக நிற்கின்றன.

சயனைடு என்றதும் நொடிப்பொழுதில் நேரும் மரணமே நினைவுக்கு வருகிறது. ஆயின் பணியிடத்தில் சிறிது சிறிதாக உடலுள் புகும் சயனைடு, பெரும்பாலும் கல்லீரலில் தயோசயனேட்டாக மாறுகிறது. அது தைராய்டுச் சுரப்பி அயோடினை ஈர்த்துக்கொள்வதைத் தடுக்கிறது. அக்குறையை ஈடுசெய்யும் முயற்சியில் சுரப்பி வீங்குகிறது. எகிப்தின் மின்முலாம் ஆலைகளில் நிகழ்ந்த ஆய்வொன்று 1975-இல் வெளிவந்தது: 36 தொழிலாளருள் 20 பேருக்குத் தைராய்டு பெருத்திருந்தது. தலைவலியும் தளர்ச்சியும், சுவையும் மணமும் மாறித் தோன்றுதலும் அவர்களிடம் காணப்பட்டன.

கோலாரின் தொழில்நோய் வரலாற்றில் பாறைத்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் முன்னிற்கிறது. சயனைடின் மெதுவான தீங்கு அவ்வளவு எளிதில் அடையாளம் காட்டுவதில்லை. கழுத்து வீக்கம் அயோடின் பற்றாக்குறையாலும் வரும். எனவே தொழிலாளியின் மருத்துவக் குறிப்பில் அவர் கையாண்ட வேதிப்பொருள் இடம்பெறாவிடில், ஆலை தந்த நோயின் பழி அவர் உண்ட உணவின்மேல் விழுந்துவிடும்.