குத்தூசியும் பங்குப் பத்திரமும்: கரிசல் நிலத்து முதலீட்டின் வரலாறு

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே மல்லாங்கிணறு அமைந்திருக்கும் கரிசல் பரப்பு மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் மல்லியும் மிளகாயும் பயிரிடப்பட்ட இந்நிலத்தில், மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை, மழை நன்றாகப் பெய்தாலோ எல்லார் காட்டிலும் ஒரே சமயத்தில் விளைந்து விலை இறங்கிவிடும் என்ற இரட்டை இடர்ப்பாடு தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. இப்பகுதியின் முதலீட்டுப் பழக்கம் அந்த இடர்ப்பாட்டின் மடியிலேயே பிறந்தது. கையில் கொஞ்சம் சேமிப்பு வைத்திருக்கும் தனிமனிதர், சூரிய மின்சார நிறுவனத்தின் பங்கை வாங்குவதா, ஆண்டுதோறும் ஈவுத்தொகை தரும் பழைய நிறுவனத்தின் பங்கை வாங்குவதா, சிமெண்ட், நிலக்கரி, உலோகம் போன்ற சரக்குகளைச் சார்ந்த பங்கை வாங்குவதா என்று எடைபோடுவது இன்றைய வழக்கம் போலத் தோன்றினாலும், சரக்கில் போடுவதா, பங்கில் போடுவதா, நிலையான வருமானத்தில் போடுவதா என்ற அதே கேள்வி இங்கே நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. இடைக்காலத்தில் பெரிதும் மாறியிருப்பது, பணம் போட்டவருக்கும் அப்பணம் வேலை செய்யும் பொருளுக்கும் இடையிலுள்ள தூரமே.

1923-இல் விருதுநகர் என்று பெயர் மாறிய விருதுபட்டி, தன்னைச் சுற்றி விளையாத சரக்குக்கும் விலை சொன்ன ஊர். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று, இங்கிலாந்து ஆலைகள் தென்னிந்தியப் பருத்தியைத் தேடி வந்ததும், 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டதும், மாட்டுவண்டிகளில் உப்பும் கருப்பட்டியும் ஏற்றிச்சென்ற வணிகர்களைப் பஞ்சு, பருப்பு, எண்ணெய் வித்து ஆகியவற்றின் மொத்த வியாபாரிகளாக உயர்த்தின. அறுவடைக் காலத்தில் விலை தாழும்போது வாங்கிக் கிட்டங்கியில், அதாவது சரக்கறையில், அடுக்கிவைத்து விலை ஏறும்போது விற்பதை இவ்வணிகர்கள் இருப்பு வைத்தல் என்றனர். விலையைக் கணிப்பது மட்டுமே இத்தொழிலுக்குப் போதாது. புழு, ஈரம், எடைக்குறைவு, கிட்டங்கி வாடகை, கடன் வட்டி ஆகிய ஐந்தும் நாள்தோறும் இருப்பைத் தின்றுகொண்டிருந்தன.

அதனால் சரக்கை அறிவது உடம்பால் கற்கவேண்டிய கல்வியாக இருந்தது. தைத்த சாக்கைப் பிரிக்காமலேயே உள்ளிருக்கும் தானியத்தைப் பார்க்க உதவும் குத்தூசி, ஒரு பக்கம் கூராகவும் நடுவே குழிவாகவும் செய்த இரும்புக் கருவி. அதைச் சாக்கின் நடுவயிற்றில் குத்திச் சரித்தால், குழியின் வழியே ஒரு கை உளுந்து உள்ளங்கையில் இறங்கும். மேலே நல்லதைப் போட்டு நடுவில் சொத்தையைக் கலந்திருந்தால் அந்த ஒரு கையில் தெரிந்துவிடும். பருப்பைப் பல்லில் கடித்து, படீரென்று உடைகிறதா, பல்லில் ஒட்டுகிறதா என்று பார்த்து ஈரத்தை அளந்தனர். வத்தலைக் காதருகே குலுக்கி, விதை சலசலத்தால் நன்றாகக் காய்ந்தது என்றனர். இன்று ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையை, அதாவது சொத்தையும் கடனையும் எதிரெதிரே வைத்துக் காட்டும் கணக்கை, படிப்பவர் செய்ய முயல்வதும் இதையேதான். ஆனால் அவர் கையில் குத்தூசி இல்லை, பிறர் குத்தி எடுத்துக்கொடுத்த மாதிரியே இருக்கிறது.

இருப்பின் இலாபம் வணிகரோடு நின்றுவிடாமல் ஊருக்கும் திரும்பியதற்குக் காரணம் மகமை. விற்கும் மூட்டை ஒவ்வொன்றுக்கும் குறித்த சிறு தொகையை ஒதுக்கி, உறவின்முறை எனப்பட்ட சமுதாய அமைப்பின் பொது நிதியில் சேர்ப்பது மகமை. கணக்குப் பேரேட்டில் வாடகை, கூலி ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே அதற்கும் ஒரு பற்று இருந்தது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களின் நாடார் வணிகர்கள் இந்த நிதியைக் கொண்டு பேட்டைகளையும் கோயில்களையும் பள்ளிகளையும் நடத்தினர். 1889-இல் விருதுபட்டியில் தொடங்கப்பட்டு, பின்னாளில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை, மகமையும் வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசியும் வளர்த்த பள்ளி. ராபர்ட் ஹார்ட்கிரேவ், டென்னிஸ் டெம்பிள்மன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்வமைப்பைப் பற்றித் தனித்தனியே நூல்கள் எழுதினர். மகமையை ஊர் முழுவதற்குமான ஈவுத்தொகை என்று பாராட்டுவது பாதி உண்மையே ஆகும். ஏனெனில் பருத்தி எடுத்த பெண்களுக்கும், வயலில் கூலிக்கு உழைத்த பிற சாதியினருக்கும் அந்நிதியின் நிர்வாகத்தில் இடம் இருக்கவில்லை. மூட்டையில் அவர்கள் உழைப்பு இருந்தது, பேரேட்டில் அவர்கள் பெயர் இல்லை.

அறிமுகமில்லாத பலர் சிறு சிறு தொகையாகப் பணம் போட்டு ஒரு தொழிலுக்கு உரிமையாளராகும் கூட்டுப்பங்கு நிறுவனம் தென்மாவட்ட மக்களின் உள்ளத்தைத் தொட்டது 1906-இல்தான். வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் நிறுவிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, 10 லட்சம் ரூபாய் முதலைத் தலா 25 ரூபாய் விலையுள்ள 40,000 பங்குகளாகப் பிரித்து விற்றது. அதன் தலைவராக இருந்த பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தார். மல்லாங்கிணற்றுக்குத் தொலைவில் இல்லாத அந்தச் சிற்றூரின் பெயர் இந்திய முதலீட்டு வரலாற்றின் முதல் பக்கங்களில் ஒன்றில் இவ்வாறு இடம்பெற்றது. அதே 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் வங்கி முறிந்து, நம்பிப் பணம் போட்டிருந்த பல்லாயிரம் பேரின் சேமிப்பு அழிந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆங்கிலேயர் நிறுவனமே பத்திரமானது என்ற எண்ணம் உடைந்த மாதத்திலேயே சுதேசிப் பங்கு விற்பனைக்கு வந்தது என்பது விளங்கும்.

அந்தப் பங்கை வாங்கியவர்கள் இலாபத்தை மட்டும் எண்ணி வாங்கவில்லை. கப்பல் தங்களுடையதாக இருக்கவேண்டும் என்று விரும்பி வாங்கினர். போட்டிக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனதும், 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்டதும், பங்குதாரர்கள் கலங்கியதும் சேர்ந்து கம்பெனியை 1911-இல் முடிவுக்குக் கொண்டுவந்தன. போட்ட பணம் போயிற்று என்று சொல்லி இவ்வரலாற்றை மூடிவிடுவது நியாயமாகாது. கப்பலை யாரால் அதிக நாள் நஷ்டத்துக்கு ஓட்ட முடியும் என்ற போட்டியில், இருப்பு முதல் குறைந்தவர் தோற்பார் என்பதைச் சரக்கு வணிகம் தெரிந்த இப்பகுதியினர் நன்றாகவே அறிவர். அவ்வளவு அறிந்தும் மக்கள் பங்கு வாங்கினர் என்பதே அதன் பெருமை.

அடுத்த முயற்சி இன்னும் நெருக்கமானது. 1920-இல் தூத்துக்குடியில் கூடிய நாடார் மகாஜன சங்க மாநாட்டில் எழுந்த எண்ணம், 1921 மே 11 அன்று நாடார் வங்கி என்று பதிவாயிற்று. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. மகமையாக ஊர் நிதியில் சேர்ந்துவந்த பணப் பழக்கம் இங்கே பங்காகவும் வைப்புத்தொகையாகவும் உருமாறியது. பங்குகள் பெரும்பாலும் உற்றார் உறவினரிடமே இருந்ததால் அவை சந்தையில் அலையவில்லை. தந்தை பெயரிலிருந்து மகன் பெயருக்கு மாறிக்கொண்டிருந்தன. 1990களில் வங்கியின் பெருந்தொகைப் பங்குகள் வெளியிலிருந்த ஒரு தொழில் குழுமத்தின் கைக்குச் சென்றபோது, அவற்றை மீட்கவேண்டும் என்று சமுதாயத்தினர் இயக்கமாகத் திரண்டனர். விற்க விலை கிடைக்கிறதே என்று மகிழவேண்டிய நேரத்தில் வாங்கப் பணம் திரட்டிய அந்நிகழ்ச்சி, பங்கு என்பது இப்பகுதியில் வெறும் விலைச்சீட்டாகக் கருதப்படவில்லை என்பதற்குச் சிறந்த சான்று. 2022 செப்டம்பரில் அதே வங்கி 510 ரூபாய் விலையில் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டு, பங்குச் சந்தைப் பட்டியலில் ஏறியது. அன்றுமுதல் அதன் விலையை நொடிக்கு நொடி பார்க்கலாம்.

ஈவுத்தொகை என்ற சொல்லுக்கு இங்கே உருவம் கொடுத்தவை ஆலைகள். நிறுவனம் ஈட்டிய இலாபத்தில் ஒரு பகுதியை இயக்குநர் குழு பரிந்துரைத்து, பங்குதாரர் பொதுக்கூட்டம் ஏற்ற பின், பங்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது ஈவுத்தொகை, பேச்சுவழக்கில் டிவிடெண்ட். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், 1946-இல் நிறுவப்பட்டுச் சூலக்கரையில் இயங்கும் விருதுநகர் டெக்ஸ்டைல் மில்ஸ், 1957-இல் பதிவாகித் துலுக்கப்பட்டியில் ஆலை கட்டி இன்று ராம்கோ சிமெண்ட்ஸ் என்று வழங்கும் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆகியவை கரிசல் நிலத்தின் பருத்தியையும் அதனடியிலிருந்த சுண்ணாம்புக்கல்லையும் பங்குகளாக மாற்றின. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பஞ்சு விலை சரிந்தால் கிட்டங்கியில் பஞ்சு வைத்திருப்பவருக்கு இழப்பு. அதே பஞ்சை வாங்கி நூற்கும் ஆலைக்கு மூலப்பொருள் மலிவு. ஆகவே சரக்கை வைத்திருப்பதும், அச்சரக்கைப் பயன்படுத்தும் நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பதும் எதிரெதிர்த் திசையில் ஓடக்கூடியவை. சரக்குசார் பங்குகளை இன்று தேர்ந்தெடுப்பவர் முதலில் பிரித்தறியவேண்டிய இவ்வேறுபாடு, ஆலை வாசலில் பஞ்சுப் பொதி இறக்கிய வணிகருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத ஒன்று.

இதற்கு மாறாக, 1922-இல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததில் தொடங்கிய சிவகாசியின் செல்வம், பெரும்பாலும் குடும்பங்களின் கூட்டு வணிகமாகவே தங்கிவிட்டது. நாடறிந்த பட்டாசுப் பெயர்களின் பங்கைச் சாத்தூர்க்காரர் ஒருவர் சந்தையில் வாங்க வழியில்லை. வெடிவிபத்தின் இடரைச் சுமந்த தொழிலாளிக்கும் அந்த வழி இல்லை.

சரக்கு வணிகமும் காகிதத்துக்கு மாறாமல் இல்லை. பின்னொரு தேதியில் தரவேண்டிய சரக்குக்கு இன்றே விலை பேசிக்கொள்வது முன்பேர வணிகம். வாய்ப்பேச்சாக நடந்துவந்த அதை 1952-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. 2003-இல் தேசிய அளவிலான மின்னணுச் சரக்குச் சந்தைகள் தொடங்கிய பின், சாக்கைக் கண்ணால் காணாதவரும் துவரை, உளுந்தில் பணம் போட முடிந்தது. 2007 ஜனவரியில் துவரை, உளுந்து முன்பேரத்தை அரசு தடைசெய்தது. விலையேற்றத்துக்கு முன்பேரமே காரணமா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை.

சூரிய மின்சாரம் இந்த வரிசையில் கடைசியாக வந்தது, ஆனால் பழைய எந்த வகையிலும் எளிதில் அடங்காதது. 2016-இல் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே கமுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் திறனுள்ள நிலையத்தை அதானி குழுமம் கட்டியது. பின்னர் பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி., விருதுநகர் மாவட்டத்தின் தொப்பலாக்கரை, சேதுபுரம் உள்ளிட்ட இடங்களில் சூரியத் தகடுகளைப் பரப்பியது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் வளர்ந்து, ஈவுத்தொகை தந்து, இப்போது வெயிலையும் அறுவடை செய்யும் அந்த நிறுவனத்தின் ஒரே பங்கில், முதலீட்டாளர் தனித்தனியே எடைபோடும் மூன்று வகைகளும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. சூரிய மின்சாரத்தின் வருமானம் மின்கொள்முதல் ஒப்பந்தத்தைச் சார்ந்தது. அதாவது யூனிட்டுக்கு இன்ன விலை என்று 25 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் உடன்படிக்கை. கமுதி நிலையத்துக்கு அவ்விலை 7 ரூபாய் 1 காசு. 2017-இல் தமிழ்நாட்டில் நடந்த 1,500 மெகாவாட் ஏலத்தில் அது 3 ரூபாய் 47 காசாக இறங்கிவிட்டது. சற்றே முந்தியவருக்கும் பிந்தியவருக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு.

கிட்டங்கியில் அடுக்கி விலைக்குக் காத்திருக்க வெயில் இடம்கொடுப்பதில்லை. விளைந்த நொடியிலேயே விற்றாகவேண்டும். ஆகையால் இருப்பு வைப்பவரின் திறமைக்கு இங்கே வேலையில்லை, இது கட்டுக்குத்தகை போன்றது: தொகை முன்பே பேசப்பட்டது, மீதமுள்ள கேள்விகள் குத்தகைதாரர் நேரத்தில் கொடுப்பாரா, நிலத்தின் மேல் எவ்வளவு கடன் இருக்கிறது என்பவை மட்டுமே. மின்சாரம் வாங்கும் பகிர்மான நிறுவனங்கள் நிலுவை வைக்கும்போது சூரிய நிறுவனத்தின் இலாபம் ஏட்டில் இருக்கும், பெட்டியில் இராது. நாள்பட்ட பாக்கியை வரவாக எழுதாதே என்பது விருதுநகர்க் கடைகளில் கணக்குப்பிள்ளைகள் கற்ற முதல் பாடங்களில் ஒன்று.

சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த தரிசு, தகடு நடுவதற்காக ஏக்கர் கணக்கில் கைமாறியபோது, விற்ற உழவருக்கு ஒருமுறை விலை கிடைத்தது. பங்கோ ஆண்டு வருமானத்தில் பாத்தியதையோ அந்தக் கிரயப் பத்திரங்களில் எழுதப்படவில்லை. தம் பழைய காட்டின்மேல் விழும் வெயிலில் அவர் மறுபடி ஒரு பங்கு பெறவேண்டுமானால், கைப்பேசியில் டீமேட் கணக்கு தொடங்கி, மும்பைச் சந்தையில் அன்றைய விலைக்கு அதை வாங்கவேண்டும்.