தொல்லியலில் மக்களின் பங்கு: அரிக்கமேடு முதல் கீழடி வரை

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் இந்திரா காந்தி சிலையைத் தாண்டினால் வருவது ரெட்டியார்பாளையம். இதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய நகரம். தென்கிழக்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. மேற்கே வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில். இப்படி மூன்று பக்கமும் வரலாறு சூழ்ந்த பகுதியில் வாழும் மக்களுக்கு அந்த வரலாற்றைக் காப்பதில் என்ன பங்கு இருக்கிறது? பாரம்பரியத் திட்டம் எதுவானாலும் அறிக்கையில் 'மக்கள் பங்கேற்புடன்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது உண்மையான பங்கேற்பா, பெயரளவுக்கா என்பதை மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும்.

பங்கேற்பின் ஏணி

இதற்கு ஓர் அளவுகோலை 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி தந்தார். அவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகப் பார்த்தார். அடியில் உள்ள இரண்டு படிகளில் மக்களைச் சமாளிக்கும் வேலைதான் நடக்கிறது. அது பங்கேற்பே அல்ல. நடுவில் உள்ள மூன்று படிகளில் மக்களுக்குத் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், ஆனால் முடிவை வேறு யாரோ எடுப்பார்கள். மேலே உள்ள மூன்று படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் மக்களிடம் வருகிறது. ஆர்ன்ஸ்டீன் நகரத் திட்டங்களை மனத்தில் வைத்து எழுதினாலும் இந்த ஏணி தொல்லியலுக்கும் பொருந்தும்.

அரிக்கமேடு: கண்டவர் யார்?

அரிக்கமேடு என்றதும் நினைவுக்கு வரும் பெயர் மார்ட்டிமர் வீலர். 1945இல் அவர் நடத்திய அகழாய்வுதான் ரோமாபுரியுடன் தமிழகம் செய்த வணிகத்தை உலகுக்கு எடுத்துக் காட்டியது. அதன்பின் 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி ஆகியோரும் அங்கு ஆய்வு செய்தனர்.

ஆனால் கதை வீலருக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. வீராம்பட்டினம் பக்கத்தில் ஊர் மக்கள் பழைய செங்கற்களைத் தோண்டி எடுக்கிறார்கள் என்று 1734இலேயே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தகவல் போயிருக்கிறது. சுமார் இருநூறு ஆண்டுகள் கழித்து, 1937இல், ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அந்தப் பகுதிச் சிறுவர்களிடமிருந்து மணிகளையும் கற்களையும் விலைக்கு வாங்கினார். அதன் பிறகே ஆய்வுலகம் அரிக்கமேட்டைத் திரும்பிப் பார்த்தது.

ஆக, அரிக்கமேட்டை முதலில் அறிந்தவர்கள் அந்த மண்ணின் மக்களே. செங்கல் எடுத்தவர்களை 'அழித்தவர்கள்' என்றும், மணி பொறுக்கிய சிறுவர்களை 'உதவியவர்கள்' என்றும் பிரிப்பது எளிது. உண்மையில் இரு தரப்பினரும் தங்கள் காலடியில் கிடைத்ததைத்தான் எடுத்தார்கள். சிறுவர்கள் கொண்டு வந்ததற்கு மதிப்புக் கொடுக்க ஒருவர் இருந்தார் என்பதே வேறுபாடு.

அங்கும் ஒரு குறை இருந்தது. விலைக்கு வாங்கிய மணியை மட்டும் பார்த்து அது எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று சொல்ல முடியாது. தொல்லியலில் பொருளைவிட அது கிடந்த இடம் முக்கியம். அந்த அறிவு பொறுக்கியவர் தலையில் இருக்கிறது. காசு மட்டும் கொடுத்தால் அது பதிவாகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997இல் தொடங்கிய திட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. பொதுமக்கள் தாங்கள் கண்டெடுக்கும் பொருளையும் இடத்தையும் சொன்னால், அலுவலர்கள் அவற்றைப் பதிவு செய்கிறார்கள். இப்படிப் பதிவான பொருட்கள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

வைசியாள் வீதி: சம்மதிப்பவர் யார்?

புதுச்சேரி நகரத்துக்குள் நடந்தது வேறு வகை. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இன்டாக் அமைப்பின் துணையோடு, தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டன. திண்ணையும் தாழ்வாரமும் பழைய உருவம் பெற்றன. 2008இல் இந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

அகழாய்வு மேட்டுக்கும் இந்த வீதிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே பாரம்பரியம் என்பது ஒருவர் குடியிருக்கும் வீடு. வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் ஒரு தூணைக்கூடத் தொட முடியாது. ஆகவே ஏணியில் இது மேல்படியை நெருங்குகிறது. ஆனால் திட்டப் பணம் முடிந்த பிறகு ஓடு மாற்றுவதும் சுண்ணாம்பு பூசுவதும் வீட்டுக்காரர் தலையில்தான் விழும். அந்தச் செலவைத் தாங்க வழி செய்யாத திட்டம் பாதியில் நின்ற திட்டமே.

கீழடி: பொருள் யாரிடம்?

கீழடியில் 2015இல் மத்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அதைத் தொடர்ந்தது. குழிகள் வெட்டப்பட்டது தனியாரின் தென்னந்தோப்புகளில். நிலத்துக்காரர்கள் இசைந்ததால்தான் வேலையே நடந்தது. கிடைத்த பொருட்களை மைசூருக்குக் கொண்டு போகும் பேச்சு வந்தபோது எதிர்ப்பு எழுந்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. கடைசியில் 2023 மார்ச்சில் கீழடியிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை விட இதுவே பெரிய பங்கேற்பு. தங்கள் மண்ணின் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பலன் கிடைத்தது.

எப்படி மதிப்பிடுவது?

இந்த மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு கேள்விகள் கிடைக்கின்றன.

1. மக்கள் சொன்ன தகவல் அவர்கள் பெயரோடு பதிவானதா?
2. எங்கே தோண்டுவது, எதைச் சீரமைப்பது என்ற முடிவில் அவர்களுக்கு இடம் இருந்ததா?
3. கிடைத்த பொருளும் அறிவும் ஊருக்குத் திரும்பி வந்தனவா?
4. திட்டம் முடிந்த பின் பராமரிப்பது யார், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

வந்தவர்களின் எண்ணிக்கை, நடத்திய கூட்டங்களின் எண்ணிக்கை ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை எண்ணுவது சுலபம் என்பதால்தான் அறிக்கைகளில் அவை முதலில் வருகின்றன.

முடிவுரை

வில்லியனூர்த் தேரைப் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்து இழுத்தார்கள். இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். ஆனால் தேர் நிலைக்கு வருவது ஊர் கூடி இழுப்பதால்தான். பாரம்பரியத் திட்டங்களுக்கும் இது பொருந்தும். புதுச்சேரியின் பாரம்பரியப் பேச்சு பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிய வீதிகளோடு நின்றுவிடுகிறது. ரெட்டியார்பாளையம் போன்ற ஊர்களிலும் பழைய திண்ணை வீடுகள், குளங்கள், ஆலயங்கள் உண்டு. வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது ஒரு பழைய பானை ஓடு கிடைத்தால் அதை யாரிடம் சொல்வது என்று அங்குள்ள ஒரு கொத்தனாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் மதிப்பார்கள், வேலையை மாதக்கணக்கில் நிறுத்திவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கை வீட்டுக்காரருக்கும் இருக்க வேண்டும். அந்த நாள் வரும்வரை, அடுத்த அரிக்கமேட்டின் செங்கற்களும் ஏதோ ஒரு சுவருக்குள்தான் போய்ச் சேரும்.