ஒற்று: ஒரு சொல்லும் இரு மதிப்பும்

கிழக்கேகோட்டைப் பகுதியில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் திருக்குறள் ஓதி, வெளியே மலையாளம் பேசி வளர்கின்றனர். அவர்களை மயங்கச் செய்யும் சொற்களுள் 'ஒற்று' ஒன்றாகும். தமிழில் ஒற்றன் அரசனுக்குத் துணையாவான். மலையாளத்தில் 'ஒற்றுகாரன்' என்றாலோ காட்டிக்கொடுப்பவன். சொல் ஒன்று, மதிப்போ இரண்டு. இதனைச் சிறிது ஆராய்வோம்.

ஒற்றுதல் என்பது நெருங்கிப் பொருந்துதலைக் குறிக்கும். பகைவரிடத்தை நெருங்கி உண்மை அறிபவன் ஒற்றன். ஆநிரை கவரச் செல்வோர் முன்னதாக நிலையறிந்து வருவதைத் தொல்காப்பியர் 'வேய்' என வெட்சித் துறைகளுள் வைத்தார். இன்று நாம் வழங்கும் 'வேவு' அதனோடு உறவுடையது. மறைவாய் உள்ளதை அறிதல் உளவு. அதற்கு உதவும் தடயம் துப்பு. 'சாரர்', 'சாரணர்' என்பன இயங்கித் திரிவோர் என்னும் பொருளுடைய வடசொல் வழி வந்தவை. 'சாரணர்' என்றால் இன்று தமிழில் பள்ளி மாணவர் தொண்டர் படை. மலையாளத்தில் 'சாரன்' ஒற்றனையே குறிக்கும்.

இச்சேர நாட்டுக்கு ஒற்று புதிதன்று. செங்குட்டுவன் வடதிசை செல்லத் துணிந்தபோது, பிற வேந்தர்க்கு ஓலை விடுக்க வேண்டுவதில்லை. வஞ்சி வாயிலை நீங்காத அவர்தம் ஒற்றரே செய்தி கொண்டு செல்வர். நகரில் பறையறைந்தால் போதும் என்று அழும்பில்வேள் உரைத்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது.

வள்ளுவர் 'ஒற்றாடல்' என 59ஆம் அதிகாரமே வகுத்தார். ஒற்றன் கொணர்ந்த செய்தியையும் மற்றோர் ஒற்றனால் ஆராய்க. ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்று ஒத்தால் தெளிக என்பது அவர் நெறி.

அந்நெறி மறந்தால் விளைவது யாது? இத்திருவனந்தபுரமே கண்டது. நாகர்கோவில் தமிழரான விண்வெளி அறிவியலாளர் நம்பி நாராயணன் 1994 நவம்பரில் கைது செய்யப்பட்டார். 'சாரக்கேசு' என்ற ஒரு சொல் ஊரெங்கும் பரவியது. குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என மத்திய புலனாய்வுத் துறை 1996இல் அறிவித்தது. ஆயினும் 2018இல்தான் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2019இல் பத்மபூஷண் விருது வந்தது. சொல் ஒரு நாளில் பரவிற்று. அதன் கறை நீங்க இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

ஒற்றாடல் அரசர்க்கு உரைத்த அதிகாரமெனினும், செவிவழிச் செய்தியை நம்பும் நமக்கும் அது உரியதே. நம் பிள்ளைகளுக்கு இரு மொழிப் பொருளையும் கற்பிப்போம். அத்துடன், ஒருவர்மேல் ஒரு பெயரைச் சூட்டுமுன் மூன்று முறை ஆராயவும் கற்பிப்போம்.